கடுக்காய்க் காட்டு வழித்துணை

கேட்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கதை முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள். இந்த வழக்கில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னவர்கள் எல்லாரும் பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். தை பிறந்தால் அந்த ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடையும் கோணியுமாகக் கடுக்காய் பொறுக்கக் காட்டுக்குப் போவார்கள். அவர்களுக்குத் தலைவி மாராயி. போன வருஷம் அதே காட்டுவழியில் அவள் புருஷன் கரடியிடம் சிக்கி உயிரை விட்டான். நல்ல பலசாலி, கொடுவாள் இல்லாமல் வீட்டைவிட்டு இறங்காதவன். உடலைத் தூக்கிவந்தபோது, கொடுவாள் அவன் இடுப்பில் செருகியது செருகியபடியே இருந்தது. அதை மாராயிதான் உருவி எடுத்து வைத்தாள்.

இந்த வருஷம் மகள் பூங்காவனமும் வருகிறேன் என்று நிற்கிறாள். ஒரே மகள். வராதே என்றால் கேட்கிற வயதும் இல்லை, வீட்டில் உலை கொதிக்கவும் வேண்டும். 

வழித்துணையாக வர மூன்று பேர் முன்வந்தார்கள். மாராயி அம்மன் கோயிலில் சூடம் ஏற்றினாள். "ஆளுக்கு ஒரு வாரம் எங்களோட வாங்க. கரடிகிட்ட இருந்து எங்களக் காப்பாத்துற ஆள்தான் இனிமே எங்களுக்கு வழித்துணை. ஆத்தா மேல சத்தியம்" என்று சொல்லிச் சூடத்தைக் கையால் அணைத்தாள். அந்த மூன்று வாரமும் மகளை மட்டும் கெஞ்சிக் கூத்தாடி வீட்டில் நிறுத்திவைத்தாள்.

முதல் வாரம் வேடியப்பன் வந்தான். கையில் ஆள் உயர வேல்கம்பு. பெண்களுக்கு அவன் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: "யாரும் பேசக் கூடாது. கரடி வர்ற சத்தம் என் காதுல விழணும்." எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள். பாறை வளைவில், குனிந்து காய் எடுத்த மாராயி நிமிர்ந்தாள். நாலடி தூரத்தில், புதருக்குள் தலையை விட்டு இலந்தைப்பழம் தின்றுகொண்டிருந்த கரடியும் அப்போதுதான் தலையைத் தூக்கியது. அடுத்த கணம் அவள் கீழே கிடந்தாள். முதுகில் மூன்று கோடு கிழிந்துவிட்டது. வேடியப்பன் ஓடவில்லை ஐயா! இடது கையை அதன் வாய்க்குக் கொடுத்து, வலது கையால் வேலைப் பாய்ச்சினான். கரடி அலறிக்கொண்டு ஓடியது. அவன் விரல் இரண்டு போயிற்று.

இரண்டாம் வாரம் சடையன் தன் செவலை நாயோடு வந்தான். கெட்டிக்கார நாய். எங்கோ ஓடையில் படுத்திருந்த கரடியைத் தேடிக் கண்டுபிடித்துக் குரைத்தது. கரடி சீறியதும் வாலைச் சுருட்டிக்கொண்டு எசமானிடம் ஓடிவந்தது. பின்னாலேயே கரடியும் வந்தது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். எல்லாரும் பாறைமேல் ஏறித் தப்பினார்கள்.

மூன்றாம் வாரம் உண்ணாமலை வந்தாள். ஐம்பதைத் தொட்டவள். கூழாங்கல் போட்ட ஒரு தகரடப்பாவைத் தவிர அவளிடம் ஒன்றுமில்லை. அதைக் குலுக்கிக்கொண்டே நடந்தாள். "என்னாடி, எழவு வீட்டுக்கா போறீங்க? பேசுங்க, பாடுங்க" என்று பெண்களை அதட்டினாள். வளைவு வந்தால் நின்று, டப்பாவை ஆட்டி, நூறு எண்ணிய பிறகுதான் காலெடுத்து வைப்பாள். ஒருநாள், கரையான் தின்னக் கரடி புதிதாகத் தோண்டிய புற்று ஒன்று வழியில் கிடந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்து, "ஈரம் காயல. திரும்புங்கடி" என்றாள். வெறுங்கூடையோடு திரும்பிய பெண்கள் வழியெல்லாம் முணுமுணுத்தார்கள். கடைசி நாள் அதே பாறை வளைவில் கரடியின் எச்சம் கிடந்தது. இலந்தைக் கொட்டை நிறைய, சூடு ஆறாமல். பக்கத்துப் புதர் ஆடிக்கொண்டிருந்தது. "போயிடுச்சு, நடங்க" என்றாள். மாராயி மட்டும் அந்தப் புதரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். அந்த வாரம் முழுக்க ஒருவர் கண்ணிலும் கரடி படவில்லை.

ஊர் கூடியது. "என் நாய் மோப்பம் புடிக்கலன்னா, கரடி இருக்கறதே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் சடையன்.

வேடியப்பன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, நீ சூடம் அணைச்சுச் சொன்ன வார்த்தை. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றான். ஊரே அவன் பக்கம் தலையாட்டியது.

உண்ணாமலையைக் கேட்டார்கள். "நான் யாரையும் காப்பாத்தலையே சாமி. நான் வந்த வாரம் கரடியே வரலையே" என்றாள்.

மாராயி மகளைப் பார்த்தாள். முதுகுப் புண் விண்விண் என்று தெறித்தது. தன் உயிரைக் காத்தவனுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆம் என்றால், நாளைக்கு அந்த வளைவில் நிற்கப்போவது பெற்ற மகள்.

இப்போது வாயைத் திறக்கலாம். சத்தியமும் தவறாமல், மகளும் பிழைக்க, மாராயி யாரை வழித்துணையாகக் கொள்வது சரி?

விடை: உண்ணாமலையை. கரடிகள் அந்த வாரமும் காட்டில்தான் இருந்தன; ஈரப் புற்றும் ஆடிய புதரும் அதற்குச் சாட்சி. சத்தம் கேட்டு அவை விலகிப் போயின, அவளும் அவற்றுக்கு வழிவிட்டுத் திரும்பினாள். கரடி பாயாமலே பார்த்துக்கொண்டதும் காப்பாற்றியதுதான்; அதனால் சத்தியமும் தவறவில்லை. பேசாமல் நடந்ததால்தான் முதல் வாரம் கரடி திடுக்கிட்டுப் பாய்ந்தது. பாய்ந்த பிறகு ஆயுதத்தை உருவவும் நேரமிருக்காது என்பதை மாராயியின் புருஷன் இடுப்பிலிருந்த கொடுவாளே சொல்லும். நாயோ சும்மா படுத்திருந்த கரடியை ஆள் இருந்த இடத்துக்கே அழைத்துவந்தது. ஆனால் மாராயி இதையெல்லாம் சபையில் எடுத்து விளக்கவில்லை. வேடியப்பன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "அண்ணே, நாளைக்கு உன் மக அந்த வழியில போவணும்னா யார் பின்னாடி அனுப்புவ?" என்று மட்டும் கேட்டாள்.  அவன் எழுந்துபோய், உண்ணாமலை பக்கத்தில் கிடந்த தகரடப்பாவை மூன்று விரலால் எடுத்து அவள் கையில் கொடுத்தான். அந்த வருஷம் முதல், விரல் போன அவனுக்காக, அவன் நிலத்துச் சாமைக் கதிரை மாராயியும் மகளும்தான் அறுத்துக் கொடுக்கிறார்கள்.