தறியில் விட்ட ஒரு சாண் பாவு

காளத்தி தறியில் ஒரு இழைகூட மிச்சம் வைக்காமல் உருவி எறிந்துவிட்டான். தப்பு அங்கேதான்.

புழுவும் பூச்சியும் வாய் திறந்து பேசிய காலம் அது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர். ஆயிரக்கணக்கான இழை. ஒவ்வொன்றும் இழையைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணில் நுழைந்து, சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல்லிடுக்கில் புகுந்து வர வேண்டும். காளத்தியின் முதல் பாவைச் சிலந்திதான் கோத்துக் கொடுத்தது. அவன் உட்கார்ந்து நெய்தான். சேலை முடிந்தது. தறி துப்புரவாக இருக்கட்டும் என்று மிச்ச நூலையெல்லாம் உருவினான். தறி மொட்டையாக நின்றது. அவனுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

மறுநாள் புதுப் பாவு வந்தது. முதல் இழையைக் கையில் எடுத்தான். எந்தக் கண்?

முசுக்கொட்டை இலை மேலிருந்து பட்டுப்புழு எட்டிப் பார்த்தது.

"என்னப்பா, முழிக்கிறே?"

"ஒண்ணுமில்லே. யோசிக்கிறேன்."

"நல்லா யோசி. எங்க வீட்டைப் பிரிச்சுக் கொடுத்த நூலு அது. பாழாக்கினே, சொந்தபந்தத்தோட காட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வாழைநாரை நெய்."

காளத்திக்கு வேர்த்தது. இடப்பக்கமிருந்து கோத்தான். உருவினான். வலப்பக்கமிருந்து கோத்தான். தறியின் மிதிகட்டையை மிதித்துப் பார்த்தால், மேலே போக வேண்டிய இழை கீழே போனது. கீழே போக வேண்டியது அசையவே இல்லை. எது எதோடு சிக்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

சிலந்தியிடம் ஓடினான்.

"அண்ணே, அன்னிக்கு எப்படிக் கோத்தே?"

"எனக்கென்ன தெரியும்? என் காலைக் கேளு."

"எந்தக் காலை?"

"அதுதான் எனக்கும் தெரியலே."

காளத்தி வந்ததைவிட அதிகம் குழம்பி நின்றான். சிலந்திக்கே பாவமாகிவிட்டது. "இந்த ஒரு தடவைதான்" என்று கோத்துக் கொடுத்துவிட்டுக் கூரை மூலைக்கு ஏறியது. ஏறியதுதான். அப்புறம் கூப்பிட்டாலும் இறங்கவில்லை.

இரண்டாவது சேலையும் முடிந்தது. அடுத்த பாவு காத்திருந்தது. சேலையை அறுத்த கையோடு, பழக்கதோஷம், மிச்ச நூலையும் உருவப் போனான். பெண்டாட்டி வடிவு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, மறுபடியும் மொட்டையடிச்சுட்டு யார் கால்ல விழப்போறீங்க?"

"சேலை முடிஞ்சு போச்சே. இது எதுக்கு?"

"விழுதுக் கண்ணுக்குள்ளயே கிடக்கட்டும். வழி தெரிஞ்ச நூலு. தெரியாததை அதோட கட்டிவிட்டா கூட்டிட்டுப் போகாதா?"

அவனுக்குப் புரியவில்லை. வடிவு விளக்கவுமில்லை. நூல் வழுக்காமலிருக்க விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டாள். பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு. இப்படியே கடைசி இழைவரை. பிறகு முன்பக்கம் வந்து மெல்ல இழுத்தாள். பழைய நூல் முன்னே போக, புது நூல் பின்னாலேயே கண்ணில் நுழைந்து, பல்லில் புகுந்து, இந்தப் பக்கம் வந்து நின்றது.

"எப்படி?" என்றான் காளத்தி.

"உட்காருங்க. நெய்யுங்க."

மிதித்தான். மேலே போக வேண்டியது மேலே போனது. புழு காட்டுக்குப் போகவில்லை.

பட்டுத் தறியில் சேலையை அறுத்தாலும் கோத்த பாவில் ஒரு சாண் விட்டுவைப்பதும், சாம்பல் தொட்ட விரலால் புது நூலை அதில் பிணைப்பதும் அன்று முதல்தான். ஊரார் காளத்தியின் கெட்டிக்காரத்தனம் என்றார்கள். அவனுக்குக் கடைசிவரை புரியவே இல்லை. பிணைத்தவள் வடிவு.