லிமிட்டர் இல்லாத மைக்

"டீச்சர், என் ஸ்பீக்கர் பெட்டிச் சத்தத்தை யாரோ திருடுதாவ."

"யாரு அண்ணாச்சி?"

"நீங்கதான்."

சவுண்ட் செட் போடும் பலவேசம் கோயில் பந்தலுக்குள் வந்ததும் வராததுமாகச் சொன்னது இதைத்தான். ஜெஸிந்தா ஆம்ப்ளிஃபயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சவுண்ட் செட்காரர்களுக்கு வேலை சொல்லிக்கொடுப்பவள். மகள் வயசுப் பெண்ணிடம் போய்க் கற்றுக்கொள்வதா என்று பலவேசம் முதலில் முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். போன வருஷக் கோயில் கொடைத் திருவிழாவில் பட்ட அவமானம் அவரை அவளிடம் தள்ளிவிட்டது.

சின்ன அவமானம் இல்லை. அடுத்த தெருக் கோயிலில் முழங்கிய செல்லையாவின் சவுண்ட் செட்டை அமுக்குவதற்காக, இருந்த குமிழையெல்லாம் கடைசி வரை திருகினார். வில்லுப்பாட்டு நடுவில் ஹார்ன் ஸ்பீக்கர்கள் கருகின. மேடையில் வாய் மட்டும் அசைந்தது. கூட்டம் எழுந்து செல்லையா பக்கம் போய்விட்டது.

இந்த வருஷமும் அப்படி ஆனால் இனிமேல் கொடைக்கு செல்லையா செட்தான் என்று கோயில் கமிட்டி சொல்லியிருந்தது. கொடை இன்று சாயங்காலம்.

"நீங்க மாட்டிவச்ச லிமிட்டர் இருக்குல்லா, அதான் களவாணி. நான் ஏத்த ஏத்த மஞ்ச வெளக்கு மினுக்குது. சத்தம் ஏறல."

"பெட்டி கருகிச்சா?"

"கருகல."

"அளவு மீறிப் போற சத்தத்தை அது புடிச்சு நிறுத்தும் அண்ணாச்சி. அதுக்குத்தான வச்சிருக்கு."

"அளவு யாரு போட்டது? நீங்கதான? பாஸ்வேர்டும் ஒங்ககிட்டதான இருக்கு?"

"ஆமா."

"ஒங்க தம்பி செல்லையாகிட்டதான வேலை பாக்கான்?"

"ஆமா."

அவள் கொஞ்சம் மழுப்பியிருந்தால்கூட பலவேசத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்கிறவளை எதில் சேர்ப்பது?

"ரெண்டு பேரும் சேந்து என்னைய மட்டம் தட்டுதியன்னு ஊரே பேசுது."

ஊரில் ஒருவரும் பேசவில்லை. நேற்று முழுக்க அவர்தான் தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

ஜெஸிந்தா கோபப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்து எதையோ தட்டினாள்.

"எடுத்துட்டேன்."

"எதை?"

"லிமிட்டரை. இனிமே தடுக்க ஆளில்ல. மைக்ல என்ன போவுதோ அது அப்படியே பெட்டிக்குப் போவும்." மைக்கை எடுத்து நீட்டினாள். "இப்ப என்னையச் சொன்னியள்லா, அதை இதுல சொல்லுங்க. செல்லையாவுக்கும் கேக்கட்டும்."

பலவேசம் மைக்கை வாங்கினார். மேடையின் இரண்டு பக்கமும் நின்ற புதுப் பெட்டிகளைப் பார்த்தார்.

இவ்வளவு லேசாக எதற்கு எடுத்தாள்? பெட்டி போனால் பழி என் தலையில் விழட்டும் என்றா?

மைக்கைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "ஹலோ" என்றார். அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க. பவரு பூரா ஒங்களுதுதான்."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

அந்த நேரம் பார்த்துக் கமிட்டித் தலைவர் கந்தையா வந்து சேர்ந்தார்.

"என்னவே, செட்டு ரெடியா? கொண்டாரும் மைக்க."

கந்தையா கையில் மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். முதலில் உள்ளங்கையால் அதன் தலையில் ஓங்கி அறைவார். அப்புறம் உதட்டோடு ஒட்டி வைத்து ஊதுவார். அதற்குப் பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு 'ஹலோ' வரும். மைக் உயிரோடு இருக்கிறதா என்று எல்லாத் தலைவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். பலவேசமும் காலமெல்லாம் பார்த்துச் சிரித்தவர்தான்.

கந்தையா மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். கை ஓங்கியது. வாயும் திறந்தது.

பலவேசம் பாய்ந்தார். ஒரு கையால் ஓங்கிய கையைப் பிடித்தார். மறு கையால் தலைவரின் வாயைப் பொத்தினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"டீச்சர், போடும்மா அந்த லிமிட்டர! சீக்கிரம் போட்டுத் தொலைம்மா!"

ஜெஸிந்தா தட்டினாள். "போட்டாச்சு."

அதற்குப் பிறகுதான் பலவேசம் கையை எடுத்தார்.

"கிறுக்கா வே ஒமக்கு? கமிட்டித் தலைவன் பேசக் கூடாதா?"

"பேசுங்க தலைவரே. தாராளமாப் பேசுங்க. எவ்வளவு வேணும்னாலும் அடிங்க."

கந்தையா ஆத்திரம் தீர அறைந்தார், ஊதினார், கத்தினார். மஞ்சள் விளக்கு விடாமல் மினுக்கியது. குரல் தெருக்கோடி வரை தெளிவாகப் போனது. பெட்டிகள் பத்திரமாக இருந்தன.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பி முறைத்தபடி போனார்.

பலவேசம் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நீங்களும் சத்தத்தைப் புடிச்சு நிறுத்துனியள்லா, தலைவர் வாயைப் பொத்தச் சொன்னது செல்லையாவா?"