ஹார்க்ரோவ் பிரபுவின் நினைவுக்கல்

இங்கிலாந்தில் ஹார்க்ரோவ் பிரபு என்று ஒருவர் இருந்தார். நீதிபதி, படைத்தலைவர், தானியக் கிடங்கின் அதிகாரி, எல்லாம் அவரேதான். அது போதாதென்று, உயிரோடு இருக்கும்போதே தனக்கொரு நினைவுக்கல் வேண்டுமென்று ஆசை வந்தது. கல்தச்சன் சைலஸை வரவழைத்தார்.

“எழுத்துத் தெரியாதவர்கள்கூடப் பார்த்ததும் என் பதவிகளைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் உன் வலது கையை வெட்டிவிடுவேன்.”

சைலஸ் உளியைத் தொடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரபுவையும், கல்லைப் பார்க்க அவர் அழைத்திருந்த விருந்தாளிகளையும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு சலவைக்காரி குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள்.

“இதெல்லாம் என்னம்மா?” என்று கல்லறைகளைக் காட்டிக் கேட்டான் சைலஸ்.

அவள் நிமிரவில்லை. “இந்த வரிசை, பிரபு நீதிபதியா இருந்து தூக்கில போட்டவங்க. அந்த வரிசை, படைத்தலைவரா இருந்து சண்டைக்கு அனுப்பினவங்க. சின்னச் சின்னதா இருக்கே, அது அவர் தானியக் கிடங்கைப் பூட்டி வெச்ச வருஷம். இது என் மகன்.”

விருந்தாளிகள் தொப்பியைக் கழற்றினார்கள்.

பிரபுவின் முகம் வெளிறியது. “இதில் என் பெயர் எங்கேடா?”

“அதைச் செதுக்கத் தேவையில்லை, பிரபுவே. இங்கே வருகிற எல்லாரும் அதைச் சொல்லித்தான் அழுகிறார்கள்.”