மரத்துக்கு ஒரு பேச்சு, மானுக்கு ஒரு பேச்சு

அந்தக் காட்டில் கோடை வந்து எல்லாக் குட்டைகளும் வற்றிவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு குளம். மான், பன்றி, மயில் எல்லாம் அங்கேதான் தண்ணீர் குடிக்க வந்தன. அதனால் சிறுத்தையும் அங்கேயே வந்து படுத்துக்கொண்டது. அலைச்சல் மிச்சம் அல்லவா!

குளக்கரை மரங்களில் மந்திகள் காவல் இருந்தன. மந்திக்குக் கண் கூர்மை, மானுக்கு மூக்கு கூர்மை. மான் தண்ணீருக்கு இறங்கும்போது மந்தி பார்த்துச் சொல்லும். மந்தி தரையில் பழம் பொறுக்கும்போது மான் மோப்பம் பிடித்துச் சொல்லும். அப்படி ஓர் ஏற்பாடு.

காவல் மந்திகளுக்குத் தலைவன் உச்சாணி. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு காவல்காரனை நான் கேள்விப்பட்டதே இல்லை. புல் அசைந்தால் அது காற்றா, காலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். மந்திகளுக்கென்று ஒரு தொழில் பேச்சையும் அதுதான் உண்டாக்கியது. சிறுத்தை பதுங்கிப் படுத்தால் ‘பதிவு’. மானின் மூக்குக்கு வாடை எட்டாத பக்கமாக வந்தால் ‘கீழ்க்காத்து’. பாயப்போகும் நேரத்தில் வால் நுனி துடிக்குமே, அது ‘வால்துடி’. இந்த மரத்து மந்தி ரெண்டு வார்த்தை சொன்னால் போதும், அக்கரை மரத்து மந்திக்கு முழு விவரமும் போய்ச் சேர்ந்துவிடும். என்ன அழகான வேலை!

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. தகவல் சொல்லும்போது குரல் பதறக்கூடாது. பதறினால் அடுத்த மரத்தில் சரியாகக் கேட்காது. அதனால் மந்திகள் எதையும் நிதானமாகவே சொல்லும். நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் வம்பு அதில்தான் வந்தது.

ஒரு சாயங்காலம் மருதி என்ற பெண்மான் தன் குட்டியோடு தண்ணீருக்கு இறங்கியது. குட்டி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உச்சாணி மேலேயிருந்து பார்த்து நிதானமாகச் சொன்னது.

“மேற்குப் பதிவு. கீழ்க்காத்து. வால்துடி.”

மருதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குரல் அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டது. “ரொம்ப நன்றிண்ணே” என்று தலையாட்டிவிட்டுக் குனிந்தது.

மேற்குப் புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது! நல்ல வேளையாகக் குட்டி சேற்றில் வழுக்கி விழுந்ததால் குறி தப்பியது. குட்டியின் முதுகில் நகம் மட்டும் கீறியது. தாயும் குட்டியும் தலைதெறிக்க ஓடித் தப்பின.

மறுநாள் காலை மருதி மரத்தடிக்கு வந்தது. 

“ஏண்ணே எங்கிட்டச் சொல்லல? என் பிள்ளை போயிருக்கும்.”

“சொன்னேனே மருதி! எங்க இருக்கான், எப்படி வர்றான், எப்பப் பாய்வான், அத்தனையும் சொன்னேனே” என்றது உச்சாணி.

பக்கத்துக் கிளையில் இருந்த மந்திகள் சிரித்தன. “தலைவர் சொன்னதுல ஒரு தப்பு உண்டா? புரியலன்னா அது உன் பாடு” என்றது ஒன்று.

மருதி திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அது தண்ணீர்ப் பக்கமே வரவில்லை. தண்ணீர் குடிக்காத தாய்க்குப் பால் எங்கிருந்து சுரக்கும்? குட்டி பசியில் துவண்டு கிடந்தது.

மருதி வந்து முறையிட்டதைக் கேள்விப்பட்ட சிறுத்தைக்குக் கவலை வந்துவிட்டது. மந்திகள் பேச்சை மாற்றிக்கொண்டால் தன் பிழைப்பு என்ன ஆவது? மெல்ல மரத்தடிக்கு வந்து தலையை உயர்த்திப் பார்த்தது.

“உச்சாணி ஐயா, வணக்கம். பதிவு, கீழ்க்காத்து, வால்துடி! அடடா, நான் படுத்திருந்ததை அப்படியே மூணு சொல்லுல அடக்கிட்டீங்களே. இவ்வளவு உசந்த பேச்சை இந்தப் புல் தின்னுற கூட்டத்துக்காக மாத்திடாதீங்க. வேணும்னா அவங்க கத்துக்கட்டும்.”

மந்திகளுக்கு வாயெல்லாம் பல். உச்சாணிக்கும் முதலில் உள்ளுக்குள் குளிர்ந்தது. பிறகு நெற்றியைச் சொறிந்தது.

“அது சரி, உனக்கு எப்படிப் புரிஞ்சுது?”

“நாள் பூரா என்னைப் பத்தித்தானே பேசுறீங்க. கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன்.”

உச்சாணிக்குப் பகீர் என்றது.

“அப்படின்னா கீழே இருக்கிறவங்கள்ல என் பேச்சு புரிஞ்சது உனக்கு மட்டும்தானா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் சிறுத்தை நழுவிவிட்டது. உச்சாணி அந்த நிமிஷமே மரத்தை விட்டு இறங்கியது. “தலைவரே, நீங்க ஏன் போறீங்க? கூப்பிட்டா மான் வருமே” என்றன மற்ற மந்திகள். உச்சாணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக மருதியிடம் போய் உட்கார்ந்தது.

“மருதி, நான் சொன்னதுல உனக்கு எது புரியல?”

“எதுவுமே புரியலண்ணே. கேட்டா மடச்சின்னு நினைப்பீங்களோன்னு தலையாட்டி வச்சேன்.”

“சரி, உனக்கு என்ன தெரியணும்?”

“அவன் வால் எப்படி ஆடினா எனக்கு என்ன? தண்ணியில இறங்கலாமா, கூடாதா? ஓடணும்னா எந்தப் பக்கம்? அவ்வளவுதான்.”

உச்சாணி யோசித்துப் பார்த்தது. சிறுத்தையின் காலுக்கு, வாலுக்கு, நிழலுக்கு எல்லாம் அது சொல் வைத்திருந்தது. மான் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல அதனிடம் ஒரு சொல்கூட இல்லை. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் சப்பைக்கட்டு கட்டியிருப்பார்கள். உச்சாணி அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் அதை எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

“தப்பு என்மேலதான் மருதி. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிட்டு வா. நான் பார்த்துக்கிறேன்.”

சாயங்காலம் மருதி வந்தது. குட்டியும் கூடவே வந்தது. மரத்துக்கு மரம் தொழில் பேச்சு ஓடியது.

“வடக்குப் பதிவு.”

“பதிவு நகருது, கிழக்கு.”

“கீழ்க்காத்து. வால்துடி.”

புதருக்குள் சிறுத்தை சிரித்துக்கொண்டது. பழைய கதைதான் என்று நினைத்தது. ஆனால் உச்சாணி கிளை நுனிக்கு வந்து, கட்டுப்பாட்டையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தியது.

“மருதி, குடிக்காதே! பாறை மேட்டுக்கு ஓடு! இப்பவே ஓடு!”

மருதி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு மேட்டுக்குப் பறந்தது. சிறுத்தை பாய்ந்தது. அதன் வாய்க்குக் கிடைத்தது சேறுதான். அது துப்பிக்கொண்டே தெற்கே போவதை மந்திகள் கண் எட்டும்வரை பார்த்து, மரத்துக்கு மரம் சொல்லி அனுப்பின.

உச்சாணி மறுபடி கூப்பிட்டது. “அவன் தூரமாப் போயிட்டான் மருதி. இப்ப வந்து நிம்மதியாக் குடி.”

மருதி வயிறு முட்டக் குடித்தது. கொஞ்ச நேரத்தில் மடியில் பால் இறங்கியது. குட்டி முட்டி முட்டிக் குடிப்பதை மேலேயிருந்து பார்த்த உச்சாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

முன்பு சிரித்த மந்திதான் மெல்லக் கேட்டது. “தலைவரே, அப்போ நம்ம தொழில் பேச்சை விட்டுடலாமா?”

“எதுக்கு விடணும்? அது இல்லன்னா அவன் கிழக்கே நகர்ந்தது எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நமக்குள்ள அதையே பேசுவோம். மானுக்குச் சொல்லும்போது மட்டும் மான் எடத்துல நின்னு சொல்லணும்.”

சிறுத்தை சில நாள் பட்டினி கிடந்து பார்த்தது. பிறகு, நன்றாக இருந்த பேச்சைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பிக்கொண்டே வேறு காட்டுக்குப் போய்விட்டது.

தொழில் தெரிந்தவரோடு தொழில் பேச்சைப் பேசலாம். நம்மை நம்பி நிற்பவரிடம் அவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் உண்மையான கெட்டிக்காரத்தனம்.