பெரியவரே, வாயைத் திறங்கள்

“பதினேழு தடவை! நானே எண்ணினேன், பதினேழு தடவை! இருமல் என்று படுத்தவனுக்குப் பேதி மருந்தா?”

ராஜாவின் மைத்துனர் சபை நடுவில் கத்தியது இதுதான். ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. கத்திவிட்டு உட்காரப் போனவர், என்ன நினைத்தாரோ, நின்றுகொண்டார்.

தூண் ஓரமாக நின்றிருந்தாள் கொற்றி. அரண்மனை வைத்தியசாலையில் மருந்து கொடுப்பவள் அவள். இதைக் கொடுத்ததும் அவள்தான். இல்லையென்று அவள் சாதிக்கவும் இல்லை.

“இருபது கசையடி. இன்றோடு வேலையும் போயிற்று” என்றார் ராஜா.

“அவசியம் கொடுங்கள், மகாராஜா” என்றான் ஆரூரன். சபையிலேயே வாய் அடங்காத மந்திரி அவன். கொற்றி அவனை முறைத்தாள். நல்ல மனுஷன் என்றல்லவா நினைத்திருந்தாள்! அவன் நிறுத்தவில்லை.

“போன மாதம் கைமுறிவுக்கு வந்தவர் மேல் ஒருத்தி ரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டாள். அவளுக்கும் இருபது கொடுத்து விரட்டினோம். அதற்கு முன்னால் இன்னொருத்தி. ஆட்கள்தான் போகிறார்கள். தப்பு மட்டும் அங்கேயே நிரந்தரமாக வேலை பார்க்கிறது.”

ராஜா புருவத்தைத் தூக்கினார். “நீயே சொல், பெண்ணே. எப்படி நடந்தது?”

“பக்கத்துப் பக்கத்துக் கட்டில், மகாராஜா. இவருக்கு இருமல். அந்தக் கட்டிலில் களஞ்சியத்து அதிகாரி, நாலு நாளாக அவருக்கு வயிறு இறங்கவில்லை. ரெண்டு பேரும் மூக்குவரை போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். ‘பெரியவரே, மருந்து’ என்றேன். இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.”

“பேரைக் கேட்டால் என்ன?”

அவள் பதில் சொல்லுமுன் ராஜவைத்தியர் மருதவாணர் தாடியைத் தடவிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“பேரைக் கேட்பதா? பெரிய மனிதரைப் பார்த்து ‘நீங்கள் யார்’ என்பதா? பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்வதில்லை. இந்த ஊரில் ஒருவரும் அரசர் பேரை உச்சரிப்பதில்லை. அதனால்தான் நோயாளியிடம் பேர் கேட்கக் கூடாதென்று விதி போட்டேன். மரியாதை முக்கியம், மகாராஜா!”

“ரொம்ப முக்கியம்” என்று தலையாட்டிய ஆரூரன், சத்தமில்லாமல் வெளியே நழுவினான்.

திரும்பி வரும்போது கூடவே ஒரு தடியன். கையில் குறடு. பல் பிடுங்குகிறவன். நேராக மருதவாணரிடம் போனான்.

“பெரியவரே, வாயைத் திறங்கள்.”

“என்ன...” என்று மருதவாணர் ஆரம்பித்தார். அது போதாதா? இடது கை தாடையைப் பிடித்தது, வலது கைக் குறடு கடைவாய்க்குள் போனது.

“ஆ! ஆ! விடடா!” ஒருவழியாகத் திமிறிக்கொண்டார். “எனக்குப் பல்வலியே இல்லை! என் பேர் மருதவாணன்! யாருக்குப் பிடுங்கச் சொன்னார்களென்று கேட்க மாட்டாயா, மடையா?”

“பெரியவருக்குப் பல் பிடுங்கச் சொன்னார்கள், ஐயா. பேரைக் கேட்கலாமென்றுதான் பார்த்தேன். இங்கே அது மரியாதைக் குறைவாம். மந்திரி சொன்னார்.”

ராஜா சிரித்தார். மைத்துனரும் சிரித்தார், கொஞ்சம் ஜாக்கிரதையாக.

“கசையடி கிடையாது. கொற்றி வேலையிலேயே இருக்கட்டும். ஆரூரா, இந்தா பட்டுச் சால்வை. இன்றுமுதல், பேர் வாயால் சொல்லிக் காதால் கேட்காமல் ஒருவருக்கும் ஒரு சொட்டு மருந்து தரக் கூடாது. எனக்கே ஆனாலும் சரி!”

மருதவாணர் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்து நினைத்து, ராஜா அன்று பூராவும் சிரித்தார்.

மறுநாள் காலை ராஜாவுக்குத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது.

கொற்றி ஆவி பறக்கக் கஷாயம் கொண்டுவந்தாள். கட்டிலைச் சுற்றி ராணி, மைத்துனர், கன்னம் வீங்கிய மருதவாணர், புதுச் சால்வையோடு ஆரூரன்.

“பேர் சொல்லுங்கள், மகாராஜா.”

ராஜா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கொற்றி ராணியைப் பார்த்தாள். ராணி தன் வளையலைப் பார்த்தாள். மைத்துனர் ஜன்னலைப் பார்த்தார். மருதவாணர் தரையைப் பார்த்தார். ஆரூரன்கூடக் கூரை உத்தரங்களை எண்ண ஆரம்பித்தான்.

“யாராவது சொல்லுங்களேன், கஷாயம் ஆறுகிறது.”