அண்ணாச்சியின் முதல் பக்கம்

கடைப் பையிலெல்லாம் தன் படத்தைப் போடுகிறவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. ஆன்லைன் கடை தொடங்கும்போது சும்மா இருப்பாரா?

"முதல் பக்கம் முழுக்க என் படம்தான். ஆனா வர்றவங்களுக்கு வேணும்ங்கிற பொருள் சட்டுனு கிடைக்கணும். இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத!" என்றார், பக்கத்தை வடிவமைக்கும் தில்லைநாயகியிடம்.

"சரிங்க அண்ணாச்சி."

மறுநாள் மொத்தக் கடையும் கூடி நிற்க, பெரிய திரையில் அண்ணாச்சி சிரித்தார்.

"படத்துல உங்க சட்டையைத் தொடுங்க" என்றாள் தில்லைநாயகி. தொட்டார், சட்டைகள் வந்தன. கண்ணாடியைத் தொட்டார்; கண்ணாடிகள் வந்தன. குஷியில் தலைமுடியையும் தொட்டார்.

பன்னிரண்டு ரக டோப்பாக்கள் வந்தன. முதலில் நின்ற சுருள்முடிக்குக் கீழே, 'நம்ம அண்ணாச்சி அணிவது' என்றிருந்தது.

கேஷியர் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி தலையைப் பிடித்துக்கொண்டார்.

"படத்தைத் தூக்கிட்டுத் தேடுற பெட்டியைப் போடும்மா!"

"அது நேத்தே தயார், அண்ணாச்சி."