வானத்தில் ஆடிய பொன்னாடை

மழையில் மலைப்பாதை சரிந்து கிடந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சடையம்மாவின் நாத்தனாருக்கோ பிரசவச் சிக்கல். மருத்துவ ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது.

தோட்டத்து விழாவுக்கு வந்து மாட்டிக்கொண்ட அதிகாரி தயாளமூர்த்தி, போர்த்திய சிவப்புப் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல், ஹெலிகாப்டர் இறங்க இடம் குறித்தார். தேயிலை ஆலைக்குப் பக்கத்துப் புல்வெளி.

"அங்க வேணாமுங்க. மேல கம்பி போகுது. கொழுந்து மூட்டைய அதுலதான் கொக்கி மாட்டி இறக்குவோம்," என்றாள் சடையம்மா.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். சாம்பல் மேகத்தில் பென்சில் பருமன் கம்பி எங்கே தெரியும்? வரைபடத்தை விரித்தார். அதிலும் இல்லை.

"அரசாங்கத்துக்கே தெரியாத கம்பி உனக்குத் தெரியுதாக்கும்! பத்து நிமிஷத்துல ஹெலிகாப்டர் வந்துடும், அதுக்குள்ள காட்டு. இல்லேன்னா வாயை மூடிக்கிட்டு நில்லு."

"காட்டறேனுங்க. அந்தப் பொன்னாடைய மட்டும் குடுங்க."

முறைத்துக்கொண்டே கொடுத்தார். அவள் கம்பி தொடங்கும் மேட்டுக் கொட்டகைக்கு ஓடினாள். மூட்டைக் கொக்கியில் பொன்னாடையைக் கட்டித் தள்ளிவிட்டாள். சர்ரென்று வந்தது. பாரமில்லாத கொக்கி பாதியில் நின்றுவிட, அதிகாரியின் தலைக்கு நேர்மேலே, நட்டநடு வானத்தில் பொன்னாடை ஆடியது.

வந்த விமானி சிவப்பைப் பார்த்தார். ஒதுங்கிப்போய்ப் பள்ளி மைதானத்தில் இறங்கினார். நாத்தனாரை ஏற்றிக்கொண்டே கேட்டார்: "கம்பியில துணி கட்டினது யாருங்க? அது இல்லேன்னா எங்க கதை முடிஞ்சிருக்கும்."

அதிகாரி தொண்டையைச் செருமினார். "பொன்னாடை என்னுதுதான்."

"ஆமாங்க," என்றாள் சடையம்மா. "துணி ஐயாவோடது. அந்த இல்லாத கம்பி மட்டும்தான் எங்களோடது."

அத்தனை வலியிலும் நாத்தனார் சிரித்துவிட்டாள்.